பின்சுவரின் பிடி

நேற்று சாயங்காலம் ஹஃப்சா அளந்து குறித்துவைத்தபோது, அந்த ஆங்கர் போல்ட் சுவருக்கு வெளியே நாற்பது மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. இன்று மத்தியானம் முப்பத்தொன்றுதான் இருந்தது.

மறுபடி அளந்தாள். முப்பத்தொன்று. மற்ற ஐந்து போல்ட்டுகளும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"அண்ணாச்சி, இத சுத்தியலால தட்டினீங்களா?"

டிரில் மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இசக்கியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "நான் எதுக்கு மேடம் தட்டுதேன்? கெமிக்கல் ஊத்தி இறுகின போல்ட்டு. சம்மட்டிய வச்சு அடிச்சாலும் உள்ள போவாது."

அது அவளுக்கும் தெரியும். எந்தச் சுவரில் எத்தனை போல்ட், எவ்வளவு ஆழம், எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். போன வருஷம் சுரண்டையில் அவள் கணக்குப் போட்டு மாட்டிய விளம்பரப் பலகை பெயர்ந்து விழுந்து ஒருவருக்குக் கால் போனது. அதிலிருந்து ஒவ்வொரு போல்ட்டையும் அவளே இழுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். அப்படியும் ராத்திரியில் தூக்கம் பாதிதான்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில், மலையை ஒட்டி நின்ற பழைய லாட்ஜ் அது. சீசன் கூட்டம் வருவதற்குள், கொல்லையில் மலைப்பாறையோடு ஒட்டிக் கட்டிய பின்சுவரில் இரும்புப் படிக்கட்டு தொங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, உரிமையாளர் பால்வண்ணநாதன் தென்காசிக்குப் போயிருந்தார். அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருக்க, ஊறிப்போன சுண்ணாம்பின் வாடையும் பாசியின் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, தூரத்து அருவியின் இரைச்சல் காற்று திரும்பும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போவது போலிருந்தது. சுவரில் மட்டும் ஈரம் இல்லை. தொட்டுப் பார்த்தாள். மழையில் நின்ற, சுண்ணாம்புக் காரை பூசிய கருங்கல் சுவர், வெதுவெதுவென்று இருந்தது.

"இழுத்துப் பாத்துருவோம் அண்ணாச்சி."

போல்ட்டின் தலையில் ஜாக்கியை மாட்டினார்கள். கைப்பிடியை அழுத்த அழுத்த ஜாக்கி போல்ட்டை வெளியே இழுக்கும். எவ்வளவு பலத்தில் இழுக்கிறது என்று மீட்டர் முள் காட்டும். ஒன்றரை டன் தாங்கினால் போதும்.

ஹஃப்சா இன்னும் கைப்பிடியைத் தொடவே இல்லை. முள் அசைந்தது.

அரை டன். ஒன்று.

"மேடம், மெதுவா அழுத்துங்க."

"நான் அழுத்தல."

ஒன்றரை. இரண்டு. ஜாக்கியின் கால்கள் சுவரில் நறநறத்தன. அது போல்ட்டை இழுக்கவில்லை. போல்ட்டுதான் அதை இழுத்தது. உள்ளே.

டணார் என்று ஒரு சத்தம். ஜாக்கி உடைந்து தரையில் உருண்டது. போல்ட் இல்லை. விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் இருந்தது. விளிம்பில் ஒரு விரிசல்கூட இல்லை.

"போயிருவோம் அண்ணாச்சி. சாமானெல்லாம் கிடக்கட்டும்."

இசக்கியப்பன் துளைக்கு முன்னால் வலது உள்ளங்கையைக் காட்டியபடி நின்றார். "இருங்க மேடம். காத்து வருது. அங்கிட்டு முழுப் பாறைல்லா? எங்கயிருந்து வருது?"

"தொடாதீங்க!"

தொட்டுவிட்டார்.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. விரல்கள் தெரியவில்லை. மணிக்கட்டு தெரியவில்லை. காரை உடையவில்லை, உதிரவில்லை. தண்ணீரில் கை வைத்தது போல உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஹஃப்சா அவருடைய இடது கையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். செருப்பு பாசியில் வழுக்கியது. கத்தினாள். அருவி அதை விழுங்கியது.

"வலிக்கல மேடம்." அவளைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள யாரோ என் கையப் பிடிச்சிருக்காவ."

முழங்கை. தோள். கன்னம் சுவரில் பதிந்தது. ஒரு கண் மட்டும் அவளையே பார்த்தது. அதன் மேலும் சுண்ணாம்பு மூடியது.

பிறகு சுவர்தான் இருந்தது. அதிலிருந்து நீண்ட இடது கை அவள் கைக்குள் இருந்தது. சூடாக.

அவள் விட்டுவிட்டாள்.

அது விடவில்லை.