ஏழாம் பெட்டியில் கரையான்

11-8-1934, சனி. பெட்டி அடுக்கின் கால்களுக்கு அடியில் பூச்சி ஏறாமலிருக்க வைத்த தகரக் கிண்ணங்களில் மண்ணெண்ணெய் வற்றிக் கிடந்தது. வாராவாரம் ஊற்றவேண்டியது என் வேலை. மறந்துவிட்டேன். இன்று மாலை ஊற்றினேன், மிஸியிடம் சொல்லவில்லை. விறகுக் கொட்டகையில் கரையான் அரித்துக் கிடக்கும் வெற்றுச் சீட்டுக் கட்டுகளை எடுத்து எறியவும் நேரமில்லை. நாளை.

இதை எழுதிவிட்டுப் படுத்த அங்கமுத்துவுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று புரண்டுகொண்டே இருந்தான்.

மறுநாள் காலை எட்டு மணி. ரெம்பியாவில் யோகம் மிஸியின் வீட்டு முன்னறை. ஏழாம் பெட்டியின் மூடியைத் தூக்கியவனின் கை அப்படியே நின்றது.

சீட்டுகள் நின்ற இடத்தில் மண் அப்பிய காகிதக் கட்டிகள் கிடந்தன. பாதி தின்னப்பட்டு, ஓரமெல்லாம் சல்லடையாகி இருந்தன. வெளிச்சம் பட்டதும் கரையான்கள் நாலா பக்கமும் சிதறின.

"மிஸி!" என்று கத்தினான். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

யோகம் யாழ்ப்பாணத்தவர்; அங்கே நர்ஸைத்தான் 'மிஸி' என்பார்கள். மலாக்காத் தோட்டங்களில் இருபத்தெட்டு வருஷம் பிரசவம் பார்த்தவர். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு சீட்டு. பிள்ளைக்கு மாதம் ஆனதும் ஒன்று. வருஷம் ஆனதும் ஒன்று, அல்லது ஆகாமல் போனதற்கு ஒன்று. யாரும் கேட்டு அவர் எழுதவில்லை. சோப்புக்கட்டி வந்த சவுக்காரப் பெட்டிகளில் பதினெட்டாயிரம் சீட்டுக்குமேல் சேர்ந்திருந்தன. அவற்றைப் பெயர்ப்படி அடுக்காமல் கிணற்றின்படி அடுக்கியிருந்தார். ஆட்கள் குடியிருக்கும் லயம் மாறுவார்கள், தோட்டம் மாறுவார்கள், பேரைக்கூட மாற்றிக்கொள்வார்கள். எந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளை பெற்றாள் என்பது மாறாது என்பது அவர் கணக்கு. ஒரு தாயின் மூன்று பிள்ளைகள் மூன்று பெட்டிகளில் கிடப்பார்கள். அவர்களைத் தேடிக் கோத்துத் தருவதற்குத்தான் மாலை வகுப்பில் படிக்கும் அங்கமுத்துவைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்.

ஏழாம் பெட்டி நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பள்ளக் கிணறு. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சுகாதார அதிகாரி அந்தத் தோட்டத்துக்கு வருகிறார். அந்தத் தண்ணீரில் எத்தனை பிள்ளைகள் செத்தன என்று சீட்டுகளைக் காட்டினால் கிணற்றை மூடுவார்கள்; லயத்தை மேட்டுக்கு மாற்றுவார்கள். அந்த லயத்தில்தான் அங்கமுத்துவின் அக்காள் பெரியநாயகி இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம்.

யோகம் வருவதற்கு முன்பே, கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலுடன் விஜயரட்ணம் வந்துவிட்டார். யோகத்தின் அக்காள் மகன். சிங்கப்பூரிலிருந்து வந்து இரண்டு வாரமாகிறது; ஏதோ தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர், வேலை கிடைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். தேவாலய ஆராதனைக்குப் புறப்பட வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார்.

"தள்ளு, தள்ளு! மற்றப் பெட்டிக்கும் ஏறப்போகுது!"

அவர் அங்கமுத்துவின் தோளுக்குமேல் குனிந்தபோது அவனுக்குப் புகைக்கூடத்தின் வாசனை அடித்தது. சட்டென்று கூசிப்போய், காலரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான்.

அந்தக் கூச்சம் பழையது. அவன் அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டு காயப்போடுகிறவர். மாலை வகுப்பில் அவனுக்குப் பெயரே 'புகைக்கூடம்'தான். பெஞ்சில் அவன் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். வருஷாவருஷம் மாசியில் மிஸியின் சீட்டுகளும் அந்தப் புகைக்கூடத்துக்குத்தான் போகும். கயிற்றில் கோத்து இரண்டு நாள் தொங்கவிட்டால் பழுப்பேறும். பிறகு பூச்சி அண்டாது. அந்த வாசனை காகிதத்தைவிட்டுப் போவதேயில்லை.

விஜயரட்ணம் போத்தலைக் கவிழ்த்தார். யோகம் வந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"இத்தனை வருசமா ஒரு பூச்சி அண்டேல்லை. இப்ப என்னண்டு வந்தது?"

"கிண்ணத்திலை எண்ணெய் ஊத்தினவனோ எண்டு கேளுங்கோ சின்னம்மா. காஞ்சு கிடந்ததை நான் கண்டனான். நேற்றுப் பின்னேரம்தான் ஊத்தினவன்."

"அங்கமுத்து?"

"ஆமாங்க மிஸி. மூணு வாரமா ஊத்தல. என் தப்புதான்."

"எழுத்து ஏதும் மிஞ்சியிருக்கோ?"

"மண்ணெண்ணெய் பட்டால் மை கரைஞ்சுபோடும் சின்னம்மா. வேற வழி இல்லை, ஊத்தத்தான் வேணும்" என்றார் விஜயரட்ணம்.

யோகம் கண்ணாடியைக் கழற்றினார். "வெறுங்கையோட போய் நான் என்னத்தைச் சொல்லுறது? கிழவி புலம்புது எண்டு சிரிப்பினம்." பிறகு அங்கமுத்துவைப் பாராமலே, "இதைத் துப்புரவாக்கிப்போட்டுப் போ. நாளைக்கு வரவேண்டாம்" என்றார்.

இருவரும் ஆராதனைக்குப் போனார்கள். விஜயரட்ணத்தின் டிரங்குப் பெட்டி கயிறு கட்டி வாசலில் இருந்தது. ஒரு மணி பஸ்ஸில் அவர் மலாக்கா நகரத்துக்குப் போகிறார்.

அங்கமுத்து வாளியும் துணியும் எடுத்தான். வேலை போனது போகட்டும். எட்டாம் பெட்டிக்கும் கரையான் போய்விடக்கூடாது. அது எந்த வழியாக ஏறியது என்று பார்க்க, மண்டியிட்டு அடுக்கின் கால்களைத் தடவினான். மண் கோடு இல்லை. சுவரிலும் இல்லை; பெட்டியின் வெளிப்புறத்திலும் இல்லை. கரையான் மண்ணால் கூரை போடாமல் ஒரு சாண்கூட நடக்காது. இந்தக் கரையான் பறந்தா வந்தது?

நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடியும் தடவினான். இல்லை.

கட்டிகளைப் பிரித்துப் பார்த்தான். நடுவில் தின்னப்படாத துண்டுகள் பல இருந்தன. ஒன்றிலும் ஓர் எழுத்தின் வால்கூட இல்லை. மண்ணெண்ணெய் அத்தனையையும் கரைத்துவிடுமா? படித்தவர் சொல்கிறார், கரைக்கும்போல. ஆனாலும் மனம் கேட்கவில்லை. பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து, நேற்றைய பக்கத்தின்மேல் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டான். எழுதியதும் மிஸியின் மைப்போத்தலிலிருந்துதான். காகிதம் கண்ணாடிபோல் நனைந்தது. 'மறந்துவிட்டேன்' என்ற சொல் கறுப்பாக, அசையாமல் நின்றது.

அப்படியானால் இவை எழுதாத சீட்டுகள்.

விறகுக் கொட்டகைக்கு ஓடினான். கரையான் அரித்த வெற்றுக் கட்டுகள் கிடந்த மூலையில் ஈர மண் தடம் மட்டுமே இருந்தது.

யாரோ உண்மையான சீட்டுகளை எடுத்துக்கொண்டு, இந்தக் குப்பையை உள்ளே வைத்திருக்கிறார்கள். நேற்றிரவு வீட்டில் இருந்தது மிஸி, விஜயரட்ணம், சமையல்கார மாரியம்மா. ஒன்பது மணிவரை தானும் இருந்ததால் தன்னையும் சேர்த்துக்கொண்டான். அவன் அப்படித்தான்.

காலையில் அடித்த அந்த வாசனை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலரை இழுத்து முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தன் நாற்றம் தனக்குத் தெரியுமா? பின்கட்டில் மாரியம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் சட்டைய கொஞ்சம் மோந்து பாருங்களேன்."

"காலங்காத்தால தண்ணி போட்டுட்டியாடா?"

"இல்லக்கா. புகைக்கூடத்து வாசன அடிக்குதா? பொய் சொல்லாதீங்க."

மாரியம்மா அம்மிக்குழவியை நிறுத்திவிட்டு எட்டி முகர்ந்தாள். "வெறும் சவுக்காரந்தான் லா. முழுக் கட்டியையும் தேச்சுட்டியா? பொண்ணு பாக்கவா போற?"

"நெசமா?"

"என் மூக்கு மேல சத்தியம். போடா, வேலையப் பாரு."

தப்பாக இருந்தால்? கிராணி வேலைக்குப் போகப்போகும் மனிதரைத் தோட்டத்துப் பையன் திருடன் என்பதா?

பதினொன்றே முக்காலுக்கு இருவரும் திரும்பினார்கள். அங்கமுத்து டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

"இன்னும் போகேல்லையோ நீ?" என்றார் விஜயரட்ணம்.

"ஒரு கேள்விங்க ஐயா. காலையில மண்ணெண்ணெய்ப் போத்தல எங்கேருந்து எடுத்தீங்க?"

"குசினி அடுப்புக்குப் பக்கத்திலை இருந்து. ஏன், காசு கேக்கப்போறியோ?"

"எதுக்கு எடுத்தீங்க?"

"கரையானுக்குத்தான். வேற என்னத்துக்கு? குடிக்கவோ?"

"நான் 'மிஸி'ன்னு மட்டுந்தானுங்க கத்துனேன். கரையான்னு சொல்லல. நீங்க வரும்போதே போத்தல் கையில இருந்துச்சு."

விஜயரட்ணம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சின்னம்மா, இவன் என்ன பொலிஸோ? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது."

"நில்லும்" என்றார் யோகம். "அங்கமுத்து, சொல்லு."

அவன் நாட்குறிப்பை நீட்டி, மண்ணெண்ணெயில் நனைந்த பக்கத்தைக் காட்டினான். மண் கோடு இல்லாததையும், கொட்டகையில் கட்டுகள் காணாமல் போனதையும் சொன்னான்.

"காலையில ஐயா குனிஞ்சப்ப புகை வாசன அடிச்சுதுங்க. என் மேலேருந்துதான் வருதுன்னு நெனச்சு ஒதுங்கிட்டேன் மிஸி. எப்பவும் அப்படித்தான் நெனப்பேன். ஆனா எஞ்சட்டை நேத்துத் தொவச்சது. மாரியம்மா அக்காவும் மோந்து பாத்தாங்க. ஐயா கோட்டு இந்த டிரங்குலேருந்து வந்தது. சீட்டுங்களும் இதுலதான் இருக்கு."

யோகம் அக்காள் மகனிடம் நடந்துபோனார். கோட்டின் தோள்பட்டையில் மூக்கை வைத்து, ஒரே ஒரு தடவை மூச்சிழுத்தார்.

"திறப்பைத் தா, தம்பி."

சாவி வந்தது; கயிறு அவிழ்ந்தது. சலவைச் சட்டைகளுக்கு இடையில், பழுப்பேறிய சீட்டுகள் வரிசை குலையாமல் கிடந்தன. வாசல் முழுக்கப் புகைக்கூடம் மணத்தது.

"அந்தத் தோட்டத்திலை ரெண்டாம் கிராணி வேலை தாறம் எண்டவை சின்னம்மா" என்று விஜயரட்ணம் தரையைப் பார்த்துச் சொன்னார். "கிணறு மூடுபட்டால் வேலை இல்லை எண்டவை. இஞ்சை எரிச்சால் மணக்கும் எண்டு மலாக்காவுக்கு..."

"எத்தினை பிள்ளையள் எண்டு வாசிச்சனியோ?"

யோகம் சட்டைகளை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினார். "பஸ் ஒரு மணிக்கு. போய் நில்."

சீட்டுகளைப் பெட்டியில் அடுக்கி முடிய இரண்டு மணியானது. ஒன்றுகூடக் குறையவில்லை. அங்கமுத்து தயங்கிக்கொண்டே எழுந்தான்.

"நாளைக்கு வரவேண்டாம்னு சொன்னீங்க, மிஸி."

"ஓம், சொன்னனான். இஞ்சை வரவேண்டாம். விடிய நேரே பஸ்ஸடிக்கு வா."

அன்று அவன் எழுதியது:

12-8-1934, ஞாயிறு. மிஸியிடம் எண்ணெய் விஷயத்தை முந்தின நாளே சொல்லியிருக்கவேண்டும். அடுத்தவர் மேலிருந்த வாசனையை என்னுடையது என்று எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வீணாக்கினேன். நாளை: ஐந்தரை மணிக்கு ஏழாம் பெட்டியுடன் பஸ்ஸில் நியாலாஸ். பெட்டியை மேலே ஏற்றாமல் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். அக்காவிடம் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவேண்டும். திரும்பியதும் ஏழாம் பெட்டிக்கு இரண்டாம் பிரதி எழுதத் தொடங்கவேண்டும்.