செவ்வாயின் முதல் நோயாளி

அன்று முதல் பாடவேளை காலரா. மாணவர்கள் வரிசையாக அமர்ந்து, காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த நோயுணர்த்தியை அழுத்தினார்கள். சற்று நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். மணி அடித்ததும் தலையை வாரிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார்கள். செவ்வாயில் குடியேறிய நாளிலிருந்து அங்கே யாருக்கும் நோய் வந்ததில்லை. நோய் எப்படியிருக்கும் என்று அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வேறு எப்படித்தான் தெரியும்?

"கூத்து!" என்றார் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற பேராசிரியர் கோமளவல்லி. "நான் கைகழுவச் சொல்லிக் கொடுத்தப்ப மூணே பேர் வந்தாங்க. இவ வயித்துவலி கொடுக்கிறா, உக்கார இடமில்லை!"

இவள் என்றது பெனிட்டாவை. செங்குடிப் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரத் துறையைத் தொடங்கியவர் கோமளவல்லி. பின்னால் வந்து, நோயுணர்த்தியைக் கண்டுபிடித்து, துறையைப் பெரிதாக்கியவர் பெனிட்டா. துறை இப்போது தனிப் புலமாகிறது. அதன் தலைவர் யார் என்பதைத் துணைவேந்தர் மறுநாள் விழாவில் அறிவிப்பார். மேடைக்கு வராதவருக்குப் பதவி கிடையாது.

விழா நாள் காலையில் கோமளவல்லியின் தொண்டை கரகரத்தது.

"அம்மா, உடம்பு கொதிக்குது," என்றது வீட்டு ரோபோ அஞ்சலை. "பூமிக் கப்பல்ல வந்த விருந்தாளியை வரவேற்கப் போனீங்களே, அங்க ஒட்டிக்கிச்சு போல. இப்ப கதவு பூட்டிக்கும்."

உடல் சூடு கண்டால் எல்லோர் கையிலும் பதித்துள்ள சில்லு மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிவிடும். அதுதான் விதி.

"அந்த விதியை எழுதினதே நான்தாண்டி."

"எழுதினவங்க வெளிய போகலாம்னு அதுல எழுதலையேம்மா."

"வாயை மூடு. நான் படுத்துட்டா பதவி அவளுக்கு. அப்ப அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு வரும் பாரு, அதைப் பாத்துக்கிட்டு என்னால உயிரோட இருக்க முடியாது."

ஆசிரியர்களுக்கு மட்டுமே தெரிந்த எண்ணைப் போட்டுச் சில்லை அணைத்தார்.

மேடையில் பெனிட்டாவுக்குப் பக்கத்து நாற்காலி.

"என்னக்கா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"காலையில பாட்டு சாதகம் பண்ணேன். உன் கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"சந்தோஷம்க்கா."

கோமளவல்லிக்குப் புரிந்துவிட்டது. இவளும் சில்லை அணைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். எழுந்து சொல்லிவிடலாம். ஆனால் இவளும் சொல்லிவிடுவாளே! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

இருவருமே இணைத் தலைவர்கள் என்று அறிவித்தார் துணைவேந்தர். செவ்வாயில் இருந்தது ஒரே ஒரு பட்டுச் சால்வை. அதைப் பெனிட்டாவுக்குப் போர்த்திப் படமெடுத்து, உருவி, கோமளவல்லிக்குப் போர்த்தினார்கள். 'எனக்கு ரெண்டாவதா?' என்று குமைந்தபடி கோமளவல்லி அதிலேயே தும்மினார். அங்கிருந்து சால்வை விருந்தாளி, பதிவாளர், துணைவேந்தர் என்று தோள் தோளாகப் போனது.

அந்த வாரமே செங்குடி முழுக்கப் படுத்துவிட்டது.

மருத்துவமனையில் அஞ்சலை கஞ்சி ஊட்டியது. "யார் உயிருக்கும் ஆபத்தில்லைம்மா. உங்க மேலயும் தப்பில்லைன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. பெனிட்டா அம்மாகிட்டேருந்துதான் பரவுச்சாம். செவ்வாயோட முதல் நோயாளின்னு பாடப்புத்தகத்துல அவங்க பேரைப் போடப் போறாங்க. இனிமே வர்ற பிள்ளைங்க எல்லாம் அதைத்தான் படிக்கணுமாம்."

கோமளவல்லி கஞ்சியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"யாருடி சொன்னது? விழாவன்னிக்குக் காலையிலயே எனக்குக் காய்ச்சல். சில்லை அணைச்சுட்டுத்தான் போனேன். நீதான் சாட்சி! போய்ச் சொல்லு!"

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலிலிருந்து இருமலோடு ஒரு குரல் வந்தது.

"பொய்! எனக்கு அதுக்கு முதல் நாளே காய்ச்சல். நானுந்தான் அணைச்சேன், எழுதிக்கோ!"