மிஸ் கேட்காத வார்த்தை

கிருபா வாயைத் திறப்பதற்குள், கேட்டுக்கு வெளியே நின்ற குரல் வார்த்தையைச் சொல்லிவிட்டது.

“மக்கன் பேடா.”

மழை தூறலாகக் குறைந்திருந்தது. கரண்ட் போய்விட்டது, திரும்பி வருகிற அறிகுறியே இல்லை. வாட்ச்மேன் பஞ்சாட்சரம் இன்று லீவு. ஆம்பூரின் கடைசித் தெருவில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர்: ஒன்றாம் வகுப்பு டீச்சர் கிருபா, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்ற சகீனா. வெளியே கேட்டது சகீனாவின் அம்மா மஹ்பூபியின் குரல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் தாழ்ப்பாளுக்குப் போன கிருபாவின் கை பாதியில் நின்றது.

இந்த வார்த்தை ஏற்பாடே அவளுடைய யோசனை. போன வருஷம் யாரோ ஒருவன், ‘அம்மா அனுப்பிச்சாங்க’ என்று சொல்லி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியே போய்விட்டான். நல்லவேளை, தெருமுனையில் மடக்கிவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டவள், மறுநாளே சட்டம் போட்டாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பேசி ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதை மிஸ்ஸின் காதில் மட்டும் சொல்ல வேண்டும். அழைத்துப்போக வருகிறவர் பெற்ற அப்பாவாகவே இருந்தாலும் வார்த்தையைச் சொன்னால்தான் பிள்ளை. பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். தினமும் கடைசி மணிக்கு முன்னால் வகுப்பே கூரை பறக்கக் கத்தும்: “வார்த்தை சொன்னா நம்ம ஆளு, சொல்லலேன்னா வேத்து ஆளு!”

மஹ்பூபிக்குத்தான் பாவம், பெரிய வெட்கம். நாள் முழுக்க ஷூ கம்பெனியில் தைத்துவிட்டு வந்து, தினம் பார்க்கிற டீச்சரிடம் மிட்டாய்ப் பெயர் சொல்வதா? துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இரண்டு தடவை கேட்டால்தான் மூன்றாவது தடவை வரும்.

இன்று கேட்காமலே வந்தது. சிரிப்பும் இல்லை.

“மழையில எப்படி வந்தீங்க, சகீனா அம்மா?” என்றாள் கிருபா.

தகர கேட்டின் மேல் தூறல் விழும் சத்தமும், பக்கத்துச் சாக்கடை நிறைந்து ஓடும் சத்தமும் மட்டும் கேட்டன. பாகாயத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் தோல் பதனிடும் டேனரிகளின் வாடையில் கிருபாவுக்குச் சோறே இறங்காது. இப்போதெல்லாம் அது மூக்குக்குத் தெரிவதுகூட இல்லை. ஆனால் இது வேறு வாடை. சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடை அல்ல, அதற்கும் முந்தியது. உரித்த கையோடு போட்ட பச்சைத்தோலின் வாடை. வெதுவெதுப்பாக, கேட்டின் இடுக்கு வழியாக முகத்தில் வந்து பட்டது.

“மக்கன் பேடா.”

அதே குரல், அதே இழுப்பு. நடுவில் மூச்சு வாங்கியதுகூட முன்பு வாங்கிய அதே இடத்தில்தான்.

கிருபா போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்தாள். கேட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி உண்டு. அந்தப் பக்கம் நிற்பவரின் செருப்பு எப்போதும் தெரியும். இப்போது தேங்கிய தண்ணீர் தெரிந்தது. தண்ணீரில் தூறல் போடும் வட்டங்கள் தெரிந்தன. கால் எதுவும் இல்லை.

“கேட்டைத் தெறங்க மிஸ். அம்மி வந்துட்டாங்க,” என்றாள் சகீனா.

“அது அம்மி இல்ல, கண்ணு.”

“வார்த்தை சொன்னாங்களே?”

கிருபா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தாள். மஹ்பூபியின் நம்பரைத் தட்டினாள்.

“டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க.” பின்னால் வண்டிகளின் ஹாரன் கேட்டது. “சப்வேல தண்ணி ஜாஸ்தி. கம்பெனி வண்டி நின்னுடுச்சு. ஒரே பேஜாரு. ஆட்டோ புடிச்சி வந்துர்றேன். பாப்பா அழுவுதா?”

“இல்லம்மா, நல்லா இருக்கா. வந்ததும் எனக்கு போன் பண்ணுங்க. கேட்டைத் தட்டாதீங்க.”

போனை வைத்தாள். பிறகு கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மெதுவாக, பாடம் ஒப்பிப்பது போல:

“வந்ததும் எனக்கு போன் பண்ணுங்க.”

மஹ்பூபியின் குரலாகத் தொடங்கியது, பாதியில் வேறு குரலாக மாறியது. எங்கேயோ கேட்ட பெண் குரல். யாருடையது என்று கிருபாவுக்குப் பிடிபடவில்லை.

இந்தக் குழந்தைக்கு மட்டும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, இயேசப்பா. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

ஒன்றாம் வகுப்பு அறைக்கு ஜன்னலெல்லாம் கம்பி. கதவு கனமானது. சகீனாவை உள்ளே விட்டு, அவள் உயரத்துக்கு மண்டியிட்டாள்.

“உள்பக்கம் தாப்பா போட்டுக்கோ. யார் கூப்ட்டாலும் தெறக்காத. அம்மி கூப்ட்டாக்கூட. நான் வந்து வார்த்தை சொன்னா மட்டும் தெற. சரியா?”

“சரி மிஸ்.”

தாழ்ப்பாள் விழுந்தது. “வெரிகுட் கண்ணு,” என்று கதவைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றாள்.

நேரம் போனது. குரல் வரவில்லை, வாடையும் குறைந்தது. ஒருவேளை யாராவது குடித்துவிட்டு விளையாடியிருப்பார்களோ என்றுகூட நினைக்கத் துணிந்தாள்.

போன் அடித்தது. “டீச்சர், கேட்கிட்ட நிக்கறேன்.”

நிஜமாகவே ஆட்டோ சத்தம். கேட்டின் இடுக்கில் ஹெட்லைட் வெளிச்சம். கிருபா முற்றத்தைத் தாண்டி ஓடினாள். கீழே குனிந்து பார்த்தாள். சேறு அப்பிய செருப்பு, நனைந்த இரண்டு கால்கள்.

“வார்த்தை சொல்லுங்க.”

“அய்ய, இந்த மழையிலயுமா டீச்சர்?” மஹ்பூபி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கிருபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தாழ்ப்பாளை இழுத்துக் கேட்டை அகலத் திறந்தாள். ஹெட்லைட் வெளிச்சம் முற்றத்தைக் கடந்து வராண்டா வரை போய் விழுந்தது.

“பாப்பா எங்க?”

“உள்ள பத்திரமா இருக்கா. நான் போய்...”

“மக்கன் பேடா.”

பின்னாலிருந்து. வராண்டாவிலிருந்து.

அந்தக் குரல் யாருடையது என்று இப்போது தெரிந்தது. தினமும் அந்த வகுப்பில் பாடம் சொல்கிற குரல்.

தாழ்ப்பாள் விலகியது.

“சகீனா, தெறக்காத!”

கதவு திறந்தது. வெளிச்சத்தின் விளிம்பில் குழந்தை நின்றாள். பை முதுகில். ஒரு கை மேலே உயர்ந்திருந்தது. பெரியவர் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளையின் கை. அவள் பக்கத்தில் இருட்டு மட்டும்.

வாடை. வெதுவெதுப்பாக.

“சகீனா, மிஸ் இங்க இருக்கேன். இங்க வா.”

குழந்தை அவளைப் பார்த்தாள். அம்மாவையும் பார்த்தாள். பயத்தில் உதடு துடித்தது. ஆனாலும் வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள்.

“நீங்க வார்த்தை சொல்லல.”

கிருபா ஓடினாள். வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

“வெரிகுட் கண்ணு,” என்றது இருட்டு, கிருபாவின் குரலில்.

சகீனாவின் முகம் மலர்ந்தது. கையை விடாமல் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். சொல்லிக்கொடுத்தபடியே, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.