இடது கையில் விடை கொடுத்தவள்

தரையில் மறுபடியும் ஈரம் இருந்தது.

விமானம் எதுவும் வராத பிற்பகல் அது. பாலைக் காற்று புழுதியை ஓடுதளத்தின் மேல் திரையாகக் கட்டிவிட்டிருக்க, வர வேண்டிய விமானங்கள் எங்கெங்கோ இறங்கிக் காத்திருந்தன. ஆனாலும் பயணிகள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், துப்புரவு வேலைக்காரி டிபோர் சற்று முன்புதான் துடைத்துவிட்டுப் போன இடத்தில், நனைந்த ஆள் ஒருவர் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனது போலத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. குனிந்து ஒற்றி எடுத்தாள். உப்பும் மீன் செதிலும் படகின் அடியில் ஊறிய டீசலும் கலந்த வாசனை. கடல் அங்கிருந்து வெகு தூரம்.

"கூரை ஒழுகுதா ஹமாடி?" என்று வாசலில் காவலுக்கு நின்றவனைக் கேட்டாள்.

"மழையே இல்லாம எப்படி ஒழுகும்? சோத்து நெனப்புல வாளியக் கவுத்திருப்ப. செரேர் ஆளுங்களுக்கு வயித்துலதானே கண்ணு."

"என் அடிமைக்கு வாய் நீளம். உன்னைச் சந்தையில நிறுத்தினா, ஆடு வாங்க வந்தவன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான்."

ஹமாடி சிரித்தான். அவன் புலார், அவள் செரேர். இரண்டு இனத்தாரும் பார்த்த இடத்தில் இப்படி அடிமை என்றும் தீனிக்காரர் என்றும் விளையாட்டாக வைதுகொள்வதுதான் அங்கே மரியாதை. அவள் மகன் லாட்டிரைப் பற்றிய செய்தி வந்த வாரம் மட்டும் ஹமாடி அவளை வையவில்லை. வணக்கம் சொன்னான், தலை குனிந்துகொண்டான். பிழைத்து வந்த பையன் ஒருவன் போனில் படகு கவிழ்ந்ததைச் சொன்னபோது நம்பாதவள், ஹமாடியின் அந்த மரியாதையில்தான் மகன் இறந்துவிட்டதை நம்பினாள்.

லாட்டிர் ஒரே மகன். இந்தப் புதிய விமான நிலையத்தின் மேல்மாடியிலிருந்துதான் மொரோக்கோவுக்கு ஏறினான். அங்கே வேலை இருப்பதாகச் சொன்னானே தவிர, அங்கிருந்து திருட்டுத்தனமாகக் கடல் கடக்கும் படகைப் பற்றி வாய் திறக்கவில்லை. நெடும்பயணம் போகிறவனுக்கு அவர்கள் வலது கை கொடுப்பதில்லை, இடது கைதான். அது அவமரியாதை. அதைச் சரிசெய்யவாவது போனவன் திரும்பி வந்து வலது கையைப் பற்ற வேண்டும். டிபோரும் இடது கையைத்தான் நீட்டினாள். மற்றவர்கள் தொட்டுவிட்டு விடுவதைப் போல அவள் விடவில்லை. "எப்படியாவது வந்துடணும், எந்த நெலமையில இருந்தாலும்" என்று சொல்லி, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை பிடித்திருந்தாள்.

ஹமாடி தொழுகைக்குப் போனான். கூடம் வெறிச்சோடியது. மேலே குளிர்காற்று இறங்கும் குழாய்களின் இரைச்சல் மெல்ல மெல்லத் தாழ்ந்து, கரையை அடையாத அலை எங்கோ புரள்வது போல ஒலித்து, பிறகு அதுவும் அடங்கியபோது, கண்ணாடிக்கு உள்ளே பெட்டிகள் வரும் ரப்பர் பட்டை தானாக ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. பெட்டி ஒன்றும் இல்லை. காலடி ஓசை மட்டும். ஈரக் காலடி. தயங்கித் தயங்கி.

கதவு விலகியது.

அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை. அதிலிருந்து வழியும் நீர். முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தோளைப் பார்த்தாள். வயலிலிருந்து களைத்து வரும்போது ஒரு பக்கமாகச் சரியும் அதே தோள்.

வலது கையை நீட்டினான்.

"தினமும் கடலுக்கு அடியிலேயே நடந்து வரேம்மா," என்றான். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. "முடியல. வலது கையைக் குடு. போய்ப் படுத்துக்கறேன்."

இத்தனை நாளும் எதைத் துடைத்தோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

கையைத் தூக்கினாள். பிடித்தால் போதும். அவன் தூங்கிவிடுவான். பிறகு இந்தக் கதவு அவளுக்காகத் திறக்காது. நாளைக்கும் திறக்காது. என்றைக்கும்.

விரல்கள் தொடும் தூரம்.

"லாட்டிர்," என்றாள். "என் சாமி."

வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இடது கையை நீட்டினாள்.

அவன் கோபப்படவில்லை. அம்மா முடியாது என்றால் முடியாதுதான் என்று சின்ன வயதிலேயே பழகியவன். பிறகு கையை மாற்றி, அவள் கையைப் பற்றினான். குளிர். அவள் இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்குப் போலவே.

அவன் திரும்பிப் போனான். கதவு மூடியது. ஈரக் காலடிகள் உள்ளே போய், இன்னும் உள்ளே போய், தேய்ந்தன.

அவள் பிடி மட்டும் காலியாகவில்லை. குனிந்து பார்த்தாள். ஊறி வெளுத்த தோல், நகங்களோடு, உரித்தெடுத்த உறை போல அவள் இடது கையில் தங்கியிருந்தது. அதன் விரல்கள் அவள் விரல்களை இன்னும் பிடித்திருந்தன.