கல்லுக்கு மேல் கூப்பிட்ட பெயர்

கைதட்டினால் ஓடி வருகிற நாய் அன்றைக்கு வரவில்லை.

திலகா இன்னொரு தரம் தட்டினாள். மேட்டுப் பாதையின் வளைவில், இடுப்பளவு லாலாங் புல்லுக்கு நடுவில், மூச்சு வாங்க நின்றுகொண்டு, உள்ளங்கை சிவக்கிற அளவுக்குப் பலமாகவே தட்டினாள். கீழே பனிமூட்டத்துக்குள்ளிருந்து சுபத்ராவின் சிரிப்புதான் கேட்டது. நாயிடம் ஏதோ பேசிச் சிரிக்கிறாள். நாயிடம் அப்படி என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது? திலகாவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்து, பஞ்சில் பால் நனைத்துப் புகட்டி, இந்தக் குளிரில் தன் போர்வைக்குள்ளேயே வைத்து வளர்த்தவள் அவள். பாலில் மைலோ மாவு கலக்கின நிறத்தில் இருந்ததால் பெயரும் மைலோ. புருஷன் போய்ச் சேர்ந்து, மகளையும் ஜொகூரில் கட்டிக்கொடுத்த பிறகு, அவள் வீட்டுக்குள் நுழைந்தால் தலை நிமிர்த்திப் பார்க்க இருந்த ஒரே உயிர் அதுதான். இனிப்புநீர் வியாதிக்கு நல்லது, தினம் நடங்கம்மா என்று தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் மைலோவும் மட்டும் இந்த மலை ஏறுவார்கள். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது.

அதிலும் மண் விழுந்தது. ஈப்போவிலிருந்து வந்து பக்கத்து லயத்து வீட்டில் குடியேறிய சுபத்ராவுக்கு பிரிஞ்சாங்கில் ஹோட்டல் சமையல்கட்டில் வேலை. தினமும் பை நிறையக் கோழி எலும்பு. அப்புறம் என்ன, திலகா சட்டியில் சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க, மைலோ சுபத்ரா வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்றைக்கு அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வரேன்க்கா, எனக்கும் உடம்பு ஊதிப் போச்சு லா." முடியாது என்று எப்படிச் சொல்வது? வழி நெடுக மைலோ அவள் காலோடு காலாக நடந்தது. சற்று முன் உட்கார்ந்து இளைப்பாறியபோது அவள் மடியில் தலையையும் வைத்துவிட்டது. அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் திலகா விடுவிடுவென்று முன்னால் ஏறி வந்திருந்தாள்.

மூன்றாவது முறை தட்டினாள். வரவில்லை.

தேயிலை முடிந்து பாதுகாக்கப்பட்ட காடு தொடங்கும் இடத்தில், வனத்துறைப் பலகைக்குப் பக்கத்தில், சிவப்புத் துணி கட்டிய கல் ஒன்று இருக்கிறது. முனியாண்டி. மலை ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கொழுந்து கிள்ளி அங்கே வைப்பார்கள். வைத்ததோடு பெயரையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் மனுசனை 'ஓய்' என்பார்கள், நாய்க்குக் கைதட்டுவார்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இறங்கும்போது அவரவர் கொழுந்தை எடுத்துத் தலையைச் சுற்றிப் போட்டால் பெயர் திரும்பி வந்துவிடும். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா மலையில எல்லாத்துக்கும்தான் கேக்கும். எது வரும்னு நாம சொல்ல முடியாது" என்பார் பழைய கங்காணி வேலப்பன். ஏறும்போது அந்தக் கல்லில் இருவரும் கொழுந்து வைக்கையில் இதையெல்லாம் சுபத்ராவுக்கு எடுத்துச் சொன்னதே திலகாதான். ஈப்போக்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னாள்.

கீழே மறுபடியும் சிரிப்பு.

"மைலோ," என்று கூப்பிட்டுவிட்டாள் திலகா. தொண்டை கரகரத்தது. "மைலோ, என்கிட்ட மட்டும் வாடா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இத்தனை நேரமும் காதை அடைத்துக்கொண்டிருந்த சில்வண்டுச் சத்தம் நின்றது. புல்லைச் சாய்த்துக்கொண்டிருந்த காற்றும் நின்றது. மேலே காட்டுக்குள்ளிருந்து, பாசியும் மக்கிய இலையும் மூடிக்கிடந்த கிணற்றுத் தண்ணீரும் கலந்த ஒரு வாடை, பனியோடு சேர்ந்து மெல்ல இறங்கி வந்து அவள் சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டது. புல் விலகியது. மைலோ வந்தது.

கீழேயிருந்து வரவில்லை, மேலேயிருந்து வந்தது.

சுற்றிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அது நேராக வந்து அவள் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றதும், நினைப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போய்விட்டது. நனைந்து சில்லிட்டிருந்தது. "பாத்தியா, என் புள்ள" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுபத்ரா கிடக்கட்டும். கை வலிக்கத் தட்டித் தட்டித் தேடட்டும். அப்போதுதான் அடுத்தவள் வளர்த்ததை ஆசை காட்டி இழுப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். வந்த பாதையை விட்டுவிட்டு, மறுபக்கம் லோரி போகிற மண்ரோட்டில் இறங்கினாள். அந்த வழியில் கல் கிடையாது என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மண்ரோட்டின் இரண்டு பக்கமும் தேயிலை வரிசைகள் பனியில் பாதி கரைந்து கிடந்தன. தூரத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் சத்தம் வந்து வந்து போயிற்று. மைலோ அவள் காலை உரசிக்கொண்டே நடந்தது. வழக்கமாகக் கம்பத்துக்குக் கம்பம் நின்று மோந்து பார்த்துக் காலைத் தூக்குகிற நாய், இன்று ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தது. லயத்துக்குள் நுழைந்ததும், மைலோவைக் கண்டாலே குரைத்துத் தள்ளுகிற காளிமுத்து வீட்டு நாய்கள் மூன்றும் சத்தமில்லாமல் லோரிக்கு அடியில் போய்ப் பதுங்கின. சுபத்ரா வாசலை மைலோ திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தது. திலகாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

கதவைச் சாத்தினாள், தாழ் போடவில்லை. விளக்கைப் போட்டு, அடுப்பில் சுடுதண்ணீர் வைத்தாள். துண்டை எடுத்து மைலோவைத் துவட்ட உட்கார்ந்தாள். துவட்டத் துவட்ட ஈரம் வந்துகொண்டே இருந்தது. துண்டைப் பிழிந்தால் சிமெண்டுத் தரையில் பச்சையாகத் தண்ணீர் ஓடியது. அப்போதுதான் ஒன்று மனதில் தட்டியது. இவ்வளவு நனைந்தும் இது ஒரு தரம்கூட உடம்பை உதறவில்லை.

இவ்வளவு தூரம் நடந்தும் இதற்கு இரைக்கவில்லை.

நாக்கைத் தொங்கப்போடவே இல்லை. மலையிலிருந்து இதுவரைக்கும் வாயைத் திறக்கவே இல்லை.

விலா எலும்பில் கை வைத்துப் பார்த்தாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கையை மெல்ல எடுத்தாள். சார்டின் மீன் போட்டுப் பிசைந்த சோற்றை முன்னால் தள்ளினாள். அது சோற்றைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. சுவரோரம் பலகையில் உட்கார்ந்தாள். வந்து அவள் பாதங்களின் மேல் படுத்துக்கொண்டது. நாயின் கனம் இல்லை அது. கொழுந்து நிறைந்த சாக்கை நாலைந்து அடுக்கினால் இருக்கிற கனம். காலை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அப்போது வெளியே கேட்டது. மூச்சிரைப்பு.

ஹஹ், ஹஹ், ஹஹ் என்று நன்றாக ஓடிக் களைத்த நாயின் மூச்சு. வாசல் சிமெண்டில் நகம் உரசுகிற சத்தம். அதன் பின்னால் சுபத்ரா.

"அக்கா, வந்துட்டீங்களா? உள்ள விளக்கு தெரியவும்தான் எனக்கு உசுரு வந்துச்சு. இவன் உங்களக் காணோம்னு ஒரே அழுக. எலும்பக் காட்டுனாலும் வரல. மலையெல்லாம் உங்களையே தேடுறான். கடைசில துப்பட்டாவக் கட்டி இழுத்துட்டு வரேன்."

கதவின் அடியில் கால் பிறாண்டியது. குட்டியில் பாலுக்கு அழுத அதே முனகல். பஞ்சு நனைத்துப் புகட்டியவளுக்கு அது தெரியாதா?

அவளைத்தான் தேடியிருக்கிறது.

"மேல பேர் சொல்லக் கூடாதுன்னீங்களே, அதான் உங்களக் கூப்பிடல. கை தட்டித் தட்டி வீங்கிப் போச்சு. கல்லுல உங்க கொழுந்து அப்படியே கெடந்துச்சுக்கா. நீங்க இன்னும் மேலதான் இருக்கீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."

கொண்டுபோயிடு. அவனைக் கொண்டுபோயிடு சுபத்ரா. திலகா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். குரல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

காலடியில் கிடந்த அது தலையைத் தூக்கியது.

முதல் தடவையாக வாயைத் திறந்தது. உள்ளே நாக்கு இல்லை. பல் இல்லை. ஈரப் பாசியும் இருட்டும்.

"மைலோ," என்றது. திலகாவின் குரல். அதே கரகரப்பு, அதே ஏக்கம். "மைலோ, என்கிட்ட மட்டும் வாடா."

"இந்தா, அக்கா கூப்பிடுறாங்க பாரு," என்று சுபத்ரா சிரித்தாள். துப்பட்டாவை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

வெளியே வால் கதவில் அடித்தது. டப், டப், டப். சந்தோஷம் தாங்காமல் அடிக்கிற அடி. திலகா தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

தாழ் போடாத கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கில் ஒரு மைலோ நிற மூக்கு நுழைந்தது.