தொப்பிக் கடை வாசலில் கொரின்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். வறுத்த மீனின் வாசனை இன்னும் போகவில்லை. இருபது வருடத்துக்கு முன் பழைய போதகர் எடுத்த ஊமைப்படம் அன்று ஓடப் போகிறது. படத்தில் இருப்பது பிட்ஸ்பர்க்கின் ஹில் பகுதியில் அவர்கள் வாழ்ந்த தெரு. இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஜன்னல்களைப் போர்வையால் மூடினார்கள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இறந்தவர் முகம் தெரிந்தால், சொந்தக்காரர்கள் அவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

"சொல்லாம விட்டா செத்தவங்க திரும்பிப் போக மாட்டாங்க," என்றாள் சிஸ்டர் மோஸல்.

படம் ஓடத் தொடங்கியது. "எங்க அப்பா, ஐசக்," என்றது ஒரு குரல்.

"கோட்டு மட்டும் எங்க அப்பாவுது," என்றது இன்னொன்று. எல்லோரும் சிரித்தார்கள்.

திரையில் தொப்பிக் கடை வாசலில் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் கொரின், தேடியஸின் இறந்துபோன முதல் மனைவி.

பக்கத்தில் இருந்த இரண்டாம் மனைவி ஓசெல்லா, கணவன் திரையை ஏக்கத்தோடு பார்ப்பதைக் கவனித்தாள். ஒன்பது வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வை ஒருநாளும் அவள் பக்கம் திரும்பியதில்லை. உயிரோடு இருப்பவள் என்றால் போய்ச் சண்டையாவது போடலாம். செத்தவளை என்ன செய்வது?

தேடியஸ் வாயைத் திறந்தான். அவள் சட்டென்று கையால் பொத்தினாள்.

"அவ பேரு என் காதுல விழக் கூடாது," என்று கிசுகிசுத்தாள்.

கொரினின் பெயர் சொல்லப்படாமலே படம் நகர்ந்தது, முடிந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார்கள்.

தொப்பிக் கடை வந்தது.

வாசலில் யாரும் இல்லை.

"இங்க கொஞ்சம் முன்னாடி ஒரு பொண்ணு நின்னாளே?" மோஸல் முணுமுணுத்தாள்.

ஓசெல்லாவின் பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. ரோஜாத் தைலத்தின் வாசனை. அவள் தைலமே பூசுவதில்லை.

கை மரத்தது. பிறகு கால்.

பிறகு நாக்கு.

விளக்கைப் போட்டார்கள். தேடியஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே பார்வை. ஒன்பது வருடமாக அவள் ஏங்கிய பார்வை.

"கொரின்?" என்றான்.

இல்லை, நான் ஓசெல்லா என்று கத்த நினைத்தாள். வாய் தானாகத் திறந்தது.

"கூப்பிட இவ்வளவு நேரமா உனக்கு?"

அவன் முகம் மலர்ந்தது. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். தன் உடம்புக்குள்ளேயே எங்கோ இருட்டில் கிடந்த ஓசெல்லாவுக்கு அப்போதும் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது.