தூசி விழாத மேசை

மாலை ஐந்து மணிக்கு முதலாளி அலுவலக அறையின் அலமாரியைத் திறந்தபோது மோதிரம் இல்லை. பூட்டில் கீறல்கூட இல்லை. சாவி வழக்கம்போல ஆணியில் தொங்கியது.

பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்துத் தரும் அந்தக் கடையில் மொத்தமே மூன்று பேர். முதலாளி, போன மாதம் வேலைக்கு வந்து சேர்ந்த அவருடைய மச்சான், பல வருடங்களாக வார்னிஷ் அடிக்கும் அக்கா. ஐந்தரைக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டர் மூன்று பேரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

காலையில் ஒரு வாடிக்கையாளரின் பழைய மேசையில் இழுப்பறையை உருவியபோது, பின்னால் சிக்கிக் கிடந்தது அந்த வைர மோதிரம். அக்காதான் எடுத்து முதலாளியிடம் கொடுத்தாள். அவர் பூட்டி வைத்துவிட்டு வெளியே போனார்.

"எடுத்துக் குடுத்தவங்களே திருடுவாங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பார்த்த கண்ணு சும்மா இருக்குமா மேடம்?" என்றான் மச்சான்.

அக்கா அந்த மேசைக்கு வார்னிஷ் அடித்துவிட்டுப் போனதும், அது இருக்கும் இந்தக் கூடத்திலேயே தான் உட்கார்ந்து, ஐந்து மணி வரை நாற்காலிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததாகச் சொன்னான். நடுவில் அவள் அலுவலக அறைக்குள் நுழைந்ததைக் கண்ணால் பார்த்தானாம். நாற்காலியின் கால்கள் வெளுத்துப் போய் அவனுக்குச் சாட்சியாக நின்றன.

அக்காவுக்குச் சாட்சி இல்லை. தரையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, மூன்று மணிக்கு வார்னிஷ் அடித்து முடித்தாளாம். பிறகு கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று போலீஸ் வண்டியில் ஏறினால், இனி எந்த வீட்டுச் சாமானிலும் அவளைக் கை வைக்க விடமாட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து மேசையைச் சாய்வாகப் பார்த்தார். நிறமில்லாத வார்னிஷுக்கு அடியில் மரத்தின் ரேகைகள் ஓடின. மேலே குழல்விளக்கின் பிம்பம் ஒரு புள்ளிகூட உடையாமல் நீண்டு கிடந்தது. ஓரத்தில் விரல் வைத்தார், ஒட்டியது.

"எப்படித் தேய்ச்சீங்க? உக்காந்து காட்டுங்க."

மச்சான் அலட்சியமாக உட்கார்ந்தான். நாற்காலிக்கும் மேசைக்கும் ஒரு முழ இடைவெளி. இரண்டு இழுப்பு இழுத்திருப்பான். அக்கா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன தம்பி பண்றீங்க? இன்னும் காயல!"

அதற்குள் மேசைமேல் பொடி இறங்கிவிட்டது. விளக்கின் பிம்பம் புள்ளிபுள்ளியாயிற்று.

"ரெண்டு இழுப்புக்கே இந்தக் கதி. ரெண்டு மணி நேரம் தேய்ச்சிருந்தா?" என்றார் இன்ஸ்பெக்டர். "மேசை பளிங்கு மாதிரி இருந்துச்சு. நீங்க இங்க உக்காரவே இல்ல. இவங்க உள்ள போனதையும் பார்க்கல. நாற்காலியை எப்ப தேய்ச்சீங்க?"

மச்சான் முதலாளியைப் பார்த்தான். "நேத்து, மாமா," என்றான் மெதுவாக. மோதிரம் அவன் ஸ்கூட்டர் பெட்டியில், கை துடைக்கும் துணிக்குள் இருந்தது.

வண்டி போன பிறகு முதலாளி வாசலிலேயே நின்றார். மேசை வீணாகிவிட்டதா என்று கேட்டார்.

"காயட்டும்ணே. தேய்ச்சுட்டு மறுபடி அடிக்கிறேன்." அக்கா ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தாள். "அதுவரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது. நீங்களுந்தான்."

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே இறங்கினார்.